இணைப்பைத் துண்டிக்க மறுத்த டவர் அக்காவுக்கு

முகாம் தொடர்பு நிலையத்தின் பொறுப்பாளராய்ப் பதினோராண்டுகள் பணியாற்றி, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அன்பு அக்கா அவர்களுக்கு, நிலைய ஊழியர்கள் நெஞ்சம் நெகிழ்ந்து படைக்கும் பாராட்டு மடல்

அலைகளை ஆண்டவரே! அல்லலுற்றோர் அழைப்புக்கு அலுக்காமல் செவி தந்தவரே! கம்பத்தின் உச்சியிலும் கலங்காத கால்களும், கண்ணீரின் முன்னே கசியும் நெஞ்சும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவரே! வீடிழந்து, வீதியிழந்து, விளக்கேற்றிய முற்றமிழந்து வந்த மக்களுக்கு, விட்டுப்போன உறவின் குரலை மீட்டுத் தந்த வித்தகரே! வணக்கம்!

இந்தப் பாணியிலேயே இன்னும் இரண்டு பக்கம் எழுதி முடித்து, நல்ல தாளில் அச்சிடவும் கொடுத்துவிட்டோம். எப்படியோ அது அக்காவின் கண்ணில் பட்டுவிட்டது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுவதையும் படித்தவர், "யாருப்பா இந்த அம்மா? எனக்கே பாக்கணும் போல இருக்கே!" என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "இதை என் முகத்துக்கு நேரா படிச்சீங்கன்னா நான் பாதியில எழுந்து போயிடுவேன். நடந்ததைச் சொல்லுங்க. யாரோ ஒருத்தியைப் பத்திச் சொல்ற மாதிரி சொல்லுங்க, உட்கார்ந்து கேக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

அக்காவின் சொல்லை மீறி இந்த நிலையத்தில் எவரும் பிழைத்ததில்லை. ஆகவே அவையோரே, இனி வருவது உங்களுக்கு. அக்காவை 'அவர்' என்றே குறிப்பிடுவோம். அவர் முன்வரிசையில் அமர்ந்து, யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்கட்டும்.

அவர் இங்கே வந்தது மூன்று மாதப் பணிக்கு. நகரத்துத் தொலைபேசித் துறையில் பழுது பார்க்கும் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். எல்லைக்கு அந்தப் பக்கம் போர் மூண்டு, மக்கள் கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தபோது, மூடிக் கிடந்த சிமென்ட் கிடங்கையும் அதைச் சுற்றியிருந்த வெட்டவெளியையும் முகாமாக்கினார்கள். கோபுரம் நிறுத்த ஆள் வேண்டும் என்று துறைக்குக் கடிதம் வந்ததும் அவர் கையைத் தூக்கினார். பள்ளியில் கணக்கு வாத்தியாரான அவர் கணவர், "மூணு மாசமா? உன் மூணு மாசக் கணக்கு எனக்குத் தெரியாதா? கம்பளியை ரெண்டா எடுத்துட்டுப் போ" என்றாராம். கணக்கு வாத்தியாரின் கணக்கு தப்பவில்லை. அவரும் இன்று முன்வரிசையில் இருக்கிறார். எங்களுக்கு இத்தனை ஆண்டுகள் கடன் கொடுத்தவரைத் திரும்ப அழைத்துப் போக வந்திருக்கிறார்.

வந்திறங்கிய அன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த மண்மேட்டில் ஒரு கூட்டம் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்தார். குடத்தைக் காணோம், வாளியைக் காணோம். எல்லாக் கைகளும் மேலே தூக்கியிருந்தன. ஒவ்வொரு கையிலும் ஒரு போன்.

"என்னம்மா, இங்க என்ன விசேஷம்?" என்று ஓர் அம்மாளைக் கேட்டார்.

"இந்த மேட்டுல மட்டும்தான் ஒரு கோடு சிக்னல் காட்டுதுங்க. கொஞ்சம் நகர்ந்து நில்லுங்களேன், உங்க தலை மறைக்குது."

அவர் நகர்ந்து நின்றார். தலை சிக்னலை மறைக்காது என்று சொல்ல வாய் வந்தது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டார்.

முகாம் அதிகாரி அப்போது வேலைப் பளுவில் மூழ்கிக் கிடந்தார். கூடாரம் போதவில்லை, மருந்து போதவில்லை, கழிப்பறை பாதிகூடக் கட்டி முடியவில்லை. கோபுரத்துக்கு ஆட்களும் டீசலும் வேண்டும் என்று அவர் போய்க் கேட்டதும் அதிகாரிக்குச் சுருக்கென்றது.

"அம்மா, முதல்ல வயித்துக்குப் போடுவோம். நெட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"சார், ஜன்னல் வழியா அந்தச் சாப்பாட்டு வரிசையைப் பாருங்க. ஒரு கையில தட்டு இருக்கு. இன்னொரு கையில என்ன இருக்குன்னு பாருங்க."

அதிகாரி பார்த்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் இருண்ட திரையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிடறாங்க சார். ஆனா தொண்டைக்குக் கீழ இறங்கல. புள்ள உயிரோட இருக்கான்னு தெரியாம எப்படி இறங்கும்?"

இந்த அதிகாரி இன்று நம்மோடு மேடையில் இருக்கிறார். எழுதலாமா என்று கேட்டபோது, "நான் வாங்கிக் கட்டிக்கிட்டதையும் சேர்த்து எழுதுங்க, அப்பதான் நம்புவாங்க" என்று பெருந்தன்மையோடு ஒப்புதல் தந்தார்.

ஆட்கள் கிடைத்தார்கள். கிடங்கின் கூரைமேல் கோபுரம் எழுந்தது. உச்சியில் ஏற வேண்டிய வேலையை அவர் யாரிடமும் விடவில்லை. இடுப்பில் பட்டையை மாட்டிக்கொண்டு தாமே ஏறினார். கீழே நின்றவர்கள் "டவர்ல ஒரு அக்கா இருக்காங்க" என்று ஒருவருக்கொருவர் காட்டினார்கள். மாலைக்குள் அது 'டவர் அக்கா' ஆயிற்று. அதன்பின் அவருடைய சொந்தப் பெயரைச் சம்பளப் பிரிவைத் தவிர வேறு எவரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை.

கிடங்கின் ஒரு பாதி இணைப்புக் கூடமானது. நீள பெஞ்சுகள், சுவர் நெடுக சார்ஜ் போடும் பலகைகள், நாலைந்து கணினிகள். காலையில் கதவு திறக்குமுன்பே வரிசை நிற்கும். வேலை முடிந்துவிட்டது என்று எங்களில் பலர் நினைத்தோம். அவருக்கு மட்டும் அது பாதி வேலையாகத் தெரிந்தது. காரணம், ஒரு கொத்தனார்.

அந்தக் கொத்தனாரின் தாய் எல்லைக்கு அப்பால் படுத்த படுக்கையாகக் கிடந்தார். வீடியோவில் அம்மாவின் முகம் தெரிந்ததும் கொத்தனார் கூடமே அதிரும்படி சிரித்துப் பேசினார். "எனக்கென்னம்மா, ராஜா மாதிரி இருக்கேன், வேலைகூடக் கிடைச்சிருக்கு" என்று அளந்தார். முதுகுக்குப் பின்னால் வரிசை நின்றது. ஒவ்வொரு சொல்லும் எல்லார் காதிலும் விழுந்தது. அழைப்பு அறுந்தது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று கொத்தனாருக்குத் தெரியவில்லை. சார்ஜ் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, எதையோ தேடுகிறவரைப் போல ஒவ்வொரு பிளக்காகத் தொட்டுப் பார்த்தார். தோள்கள் குலுங்கின.

மறுநாள் அவர் தம் கருவிகள் வைத்திருந்த அறையைக் காலி செய்தார். அதிகாரி ஓடி வந்தார்.

"இவ்வளவு சாமானையும் எங்கம்மா வைப்பீங்க?"

"என் கட்டிலுக்கு அடியில, சார்."

"அந்த அறையில என்ன வரப்போகுது?"

"ஒண்ணும் வரல. ஒரு நாற்காலி, ஒரு கதவு. பேசறவங்க கதவைச் சாத்திக்கட்டும். மனுஷன் அழறதுக்கு சுவிட்ச் போர்டைப் பாத்து நிக்க வேண்டியிருக்கு சார், பாக்கச் சகிக்கல."

கொத்தனாரே வந்து அந்த அறைக்கு இரட்டைச் சுவர் வைத்தார். இடையில் பழைய சாக்குகளைத் திணித்து ஓசை வெளியேறாமல் அடைத்தார். பேச்சறை என்று பெயர் விழுந்தது. யாரிடம் பேசினாய், என்ன பேசினாய் என்று எவரையும் கேட்கக் கூடாது என்பது அவர் எங்களுக்கு விதித்த முதல் விதி. இரண்டாவது விதி, பேட்டரி அறைக்குள் தேநீர்க் குவளையோடு வரக் கூடாது என்பது. முதல் விதியை நாங்கள் ஒருநாளும் மீறியதில்லை. இரண்டாவதை மீறி வாங்கிய ஏச்சு எங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் மிச்சம் வரும்.

இணைப்பு வந்ததும் எல்லார் மனமும் தேறிவிட்டது என்று இந்த மடலில் எழுதினால் அவர் எழுந்து போய்விடுவார். சிலருக்கு அது ஆறுதல் தந்தது; சிலரை அரித்துத் தின்றது. எங்கள் தையற்காரரை அது தின்றுகொண்டிருந்தது.

தையற்காரர் தம் கணவரைப் பிரிந்து வந்தவர். ஊரைக் காலி செய்த நாளில் கணவரின் தம்பி, லாரி ஓட்டுநர், தன் வண்டியைக் கொண்டு வந்து தெருவிலிருந்தவர்களை ஏற்றினார். இடம் போதவில்லை. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்திக்குத் தம் இடத்தைக் கொடுத்துவிட்டு, "நீ கிளம்பு, நான் அடுத்த வண்டியில வர்றேன்" என்று கணவர் இறங்கிக்கொண்டார். அடுத்த வண்டி வரவில்லை. ஊரின் பாலம் தாக்கப்பட்டது. அண்ணனை விட்டுவிட்டு வண்டியை எடுத்த கொழுந்தனிடம் தையற்காரர் அதன்பின் ஒரு வார்த்தை பேசவில்லை. கொழுந்தன் அழைத்தால் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் திறப்பதில்லை.

பாலத்தில் நடந்ததை யாரோ எடுத்த வீடியோ ஒன்று எல்லார் போனிலும் சுற்றியது. தையற்காரர் கூடத்து மூலை பெஞ்சில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சாப்பிட மறந்தார், தூங்க மறந்தார். போனைப் பிடுங்கி வைத்துவிடலாம் என்றுகூட எங்களில் சிலர் சொன்னோம். அவர் பிடுங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இதுல எதைத் தேடறீங்க?"

"சட்டையை, அக்கா."

"என்ன சட்டை?"

"அன்னைக்கு அவர் போட்டிருந்தது. நான் தச்சதுதான். பை மட்டும் வேற துணியில வெச்சிருப்பேன். கூட்டத்துல ஓடறவங்களைப் பாக்கறேன். எல்லாம் கலங்கலாத் தெரியுது."

அவர் அந்த வீடியோவின் தெளிவான மூலப் பதிவைத் தேடிப் பிடித்தார். கூடத்தைச் சீக்கிரமே மூடிவிட்டு, பெரிய கணினித் திரையில் அதை நிறுத்தி நிறுத்தி, நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு முகமாக, ஒவ்வொரு சட்டையாக இருவரும் பார்த்தார்கள். அவர் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு கொடுமையான ஒன்றைப் பார்த்ததில்லை என்று பின்னொரு நாள் எங்களிடம் சொன்னார். கடைசி முகம்வரை பார்த்து முடித்தார்கள்.

"இதுல அவர் இல்ல" என்றார் அக்கா. "நீங்க பாத்துட்டீங்க, நானும் பாத்துட்டேன். இனிமே இதுக்குள்ள தேடறதுக்கு ஒண்ணும் இல்ல. சரிதானே?"

தையற்காரர் தலையசைத்தார். அந்த வீடியோவைத் தாமே போனிலிருந்து நீக்கினார். மறு வாரம் முதல் பேச்சறையில், தூரத்து நகரத்திலிருந்து தம் மொழியிலேயே பேசும் மனநல மருத்துவர் ஒருவரோடு வீடியோவில் பேசத் தொடங்கினார். சாப்பாடு இறங்கியது. தையல் இயந்திரம் ஒன்றும் கிடைத்தது. காயம் ஆறியதா என்றால், இல்லை. அதோடு நடமாடக் கற்றுக்கொண்டார்.

இனி, அந்த நாள்.

விடிந்ததும் விடியாததுமாய் ஒரு குரல் பதிவு முகாமுக்குள் புகுந்தது. யாருடைய குரலென்று தெரியாது, நம்பும்படியான குரல். எல்லைச் சாவடியில் பேருந்துகள் வந்து நிற்கின்றன, சண்டை ஓய்ந்துவிட்டது, இன்றைக்கு வருகிறவர்களை மட்டும் ஊருக்கு ஏற்றிப் போவார்கள், நாளைக்குக் கிடையாது. அவ்வளவுதான் செய்தி. அரைமணி நேரத்தில் கூடாரங்கள் அவிழ்ந்தன. பாய்கள் சுருண்டன. கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பெண்கள் வாசலில் நின்றார்கள். சாவடிக்குப் போகும் குறுக்கு வழி காய்ந்த ஆற்றுப் படுகையினூடே செல்கிறது. அங்கே கண்ணிவெடிகள் புதைந்திருப்பது எங்களுக்குத் தெரியும். சில குடும்பங்கள் சாலை வழியே ஏற்கெனவே நடக்கத் தொடங்கிவிட்டிருந்தன.

முகாம் அதிகாரி கூடத்துக்குள் மூச்சிரைக்க வந்தார்.

"டவரை நிறுத்துங்க. மேலிடத்து உத்தரவு. இந்த நெட்டாலதான் இவ்வளவும். ஜனங்களோட நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் எழுந்தார். தாம் ஏற்றிய கோபுரத்தைத் தாமே நிறுத்த ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும். உத்தரவை மீறினால் வேலை போகும். அதை விடப் பெரிது, அவர் கணிப்புத் தவறி எவராவது செத்துப்போனால் அந்தப் பழி அவர் தலையில் விழும்.

"சார், அந்தப் பொய் ஏற்கெனவே எல்லார் போனுக்குள்ளயும் ஏறி உட்கார்ந்தாச்சு. இப்ப டவரை நிறுத்தினா அது வெளிய போகாது. உண்மை உள்ள வர்ற வழிதான் அடைபடும். 'பாத்தியா, பஸ் வந்திருக்கு, அதான் நம்மகிட்ட மறைக்கறாங்க'ன்னு மிச்சம் இருக்கறவங்களும் கிளம்பிடுவாங்க."

"அப்போ என்ன பண்ணச் சொல்றீங்க?"

"கொஞ்சம் அவகாசம் குடுங்க. பஸ் இருக்கா இல்லையான்னு இவங்க கண்ணாலயே பாக்கட்டும்."

அதிகாரி வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "மதியச் சாப்பாடு வரைக்கும் பொறுக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார்.

கூட்டத்தில் தையற்காரரும் மூட்டையோடு நின்றிருந்தார். அவர் நேரே அங்கே போனார்.

"உங்க கொழுந்தன் சாவடிப் பக்கம்தானே சரக்கு ஏத்திட்டுப் போறாரு?"

தையற்காரரின் முகம் இறுகியது. "அவன் பேச்சை எடுக்காதீங்க அக்கா."

"நான் உங்களைப் போக வேண்டாம்னு சொல்லல. பஸ் நின்னா நானே மூட்டையைத் தூக்கி விடறேன். ஒரே ஒரு போன் போட்டுக் கேளுங்க."

"செத்தாலும் கேக்க மாட்டேன்."

"உங்களுக்காகக் கேக்க வேண்டாம். அந்தக் கைக்குழந்தைக்காரியும் உங்களோட நிக்கிறாளே, அவளுக்காகக் கேளுங்க."

தையற்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தக் கைக்குழந்தைக்காரி வேறு யாருமில்லை. அன்று லாரியில் கணவரின் இடத்தில் உட்கார்ந்து வந்த அதே கர்ப்பிணிதான். தையற்காரர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

அவர் அந்தப் போனை வாங்கிக் கூடத்துப் புரொஜெக்டரோடு இணைத்தார். சுவரில் ஓட்டுநரின் முகம் பெரிதாய் விழுந்தது. தாடி வளர்ந்த, களைத்த முகம். அண்ணியின் பெயரைத் திரையில் பார்த்த திகைப்பு அதில் அப்படியே இருந்தது.

"அண்ணி?"

"நீங்க சாவடியிலயா இருக்கீங்க?" என்றார் தையற்காரர். ஒரு காலத்தில் வாய் நிறைய "தம்பி" என்றழைத்தவர், இப்போது 'நீங்க' என்றார். அது ஓட்டுநருக்கு உறைத்தது எங்களுக்கே தெரிந்தது.

"ஆமா அண்ணி. இங்கதான் வண்டியை நிறுத்தியிருக்கேன்."

"பஸ் நிக்குதாமே?"

"பஸ்ஸா? இங்கயா? யாரு சொன்னது?"

அவர் குறுக்கிட்டார். "டிரைவர் சார், போனைத் திருப்பி எல்லாத்தையும் காட்டுங்க. மெதுவா. அவசரமே இல்ல."

ஓட்டுநர் வண்டியிலிருந்து இறங்கினார். சுவரில் சாவடி தெரிந்தது. இறக்கியிருந்த தடுப்புக் கம்பு. காவலாளி இல்லாத நாற்காலி. நிழலில் சுருண்டு கிடந்த நாய். அதற்கப்பால், ஆளரவமற்ற நீண்ட சாலை. அதன் கோடியில் கரும்புகை. பேருந்து என்ற ஒன்று கண்ணுக்கெட்டிய தூரம்வரை இல்லை. படுகை ஓரத்தில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையையும் ஓட்டுநர் காட்டினார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "இது எப்பவோ எடுத்த வீடியோ! நம்மளை இங்கயே வெச்சுக்கப் பாக்கறாங்க!"

சலசலப்பு மீண்டது. அப்போது முடிதிருத்துபவர் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். ஓட்டுநரின் ஊரிலேயே கடை வைத்திருந்தவர்.

"ஏம்பா, வலது கையைத் தூக்கு."

சுவரில் ஓட்டுநர் வலது கையைத் தூக்கினார்.

"இப்ப தொப்பியைக் கழட்டு."

"அண்ணே, எதுக்கு?"

"கழட்டுறா!"

ஓட்டுநர் தொப்பியைக் கழற்றினார். நடுமண்டை பளபளத்தது.

முடிதிருத்துபவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இந்தத் தலையை எனக்குத் தெரியாதா? போன வருஷம் வரைக்கும் முன்னாடி நாலு முடி இருந்துச்சு, அதுவும் போயிடுச்சு. இது இன்னைக்கு எடுக்கறதுதான், சத்தியம்!"

கூடம் சிரித்தது. முகாம் அமைந்த நாளிலிருந்து அத்தனை பேர் ஒன்றாகச் சிரித்து நாங்கள் கேட்டதில்லை. ஓட்டுநரும் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியபோது இறுக்கமும் போயிருந்தது. யாரோ ஒருவர் தம் பாயை அவிழ்த்து விரித்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூடாரங்களுக்குத் திரும்பினார்கள்.

தையற்காரர் மட்டும் சுவரின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"சாலையில ஜனங்க நடந்து வர்றாங்க, தம்பி. கொஞ்சம் பாருங்க."

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஓட்டுநர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் ஏத்திட்டு வர்றேன் அண்ணி. எல்லாரையும் ஏத்திட்டு வர்றேன். சரக்கை இங்கயே இறக்கிப் போட்டுடறேன்" என்றார்.

மாலை மங்குமுன் லாரி வந்தது. நடந்து போன குடும்பங்கள் அதிலிருந்து இறங்கின. ஒருவர் மட்டும் ஏற மறுத்து, சாலையை விட்டு இறங்கி ஆற்றுப் படுகைப் பக்கம் போய்விட்டார். அவரைப் பற்றி இன்றுவரை எந்தச் செய்தியும் இல்லை. இதை விட்டுவிடலாம் என்று நாங்கள் நினைத்தோம். "விடாதீங்க. அதுவும் நடந்ததுதான்" என்று கண்டிப்பாகச் சொன்னவர் அவர்தான். கோபுரத்தின் மேல் ஏறும் போதெல்லாம் அந்தப் படுகைப் பக்கம் ஒருமுறை பார்ப்பது அவர் வழக்கம்.

அதிகாரி மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். உத்தரவை ஏன் நிறைவேற்றவில்லை என்ற கேள்விக்கு, "நிறைவேற்றாததால் உயிர்கள் பிழைத்தன" என்று ஒரே வரியில் பதில் தந்தார். மேலிடம் அதற்குப் பதிலெழுதவில்லை. அதன்பின் வந்த ஒவ்வொரு வதந்திக்கும் கூடத்துச் சுவரே மருந்தானது. எங்கே என்ன நடக்கிறது என்று அங்கேயே இருக்கும் ஒருவரைப் பிடித்து, எல்லார் முன்னாலும் கேட்பது எங்கள் வேலைகளில் ஒன்றாயிற்று. முகாம் அட்டை மட்டுமே உள்ளவர்களுக்குச் சிம் கார்டு தர மாட்டோம் என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிய காலத்தில், அவரும் அதிகாரியும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அந்த விதியையும் தளர்த்தி வாங்கினார்கள். அந்தப் பயணங்களில் வண்டிக்குள் யார் பாட்டை யார் சகித்துக்கொண்டார்கள் என்பது குறித்து இருவருக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

தையற்காரரின் கணவரைப் பற்றிய செய்தி அடுத்த ஆண்டு வந்தது. ஓட்டுநர் ஊருக்குள் போக முடிந்ததும் விசாரித்து, அடக்கம் செய்த இடத்தை நேரில் பார்த்துவிட்டு, அண்ணியைப் பேச்சறைக்குள் போகச் சொல்லி அதன்பின் அழைத்தார். கதவு நெடுநேரம் சாத்தியிருந்தது. வரிசையில் நின்றவர்களை அவர் வேறு பக்கம் அனுப்பிவிட்டு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்த தையற்காரர், "கதவு இருந்தது நல்லதாப் போச்சு அக்கா" என்றார். இருவரும் சேர்ந்து தேநீர் குடித்தார்கள். பேட்டரி அறைக்குள்ளேயே குடித்தார்கள். அந்த ஒருமுறை அவர் தம் விதியைத் தாமே மீறியதை நாங்கள் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டோம்.

இதுவரை அவையோர்க்கு. இனி, அன்பு அக்கா, தங்களுக்கு.

தங்களிடம் நாங்கள் மறைத்த செய்தி ஒன்று உண்டு. சென்ற மாதம் ஓய்வூதியப் பணிகளுக்காகத் தாங்கள் நகரத்துக்குச் சென்றிருந்தீர்கள் அல்லவா? அந்த வாரம் புதியதொரு வதந்தி கிளம்பியது. முகாமையே கலைத்து, மக்களை வேறிடத்துக்கு ஏற்றப் போகிறார்கள் என்று. இணைப்பை உடனே நிறுத்தும்படி மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. எடுத்தவர், இன்று கூடத்தின் துணைப் பொறுப்பாளராய் இருக்கும் நம் தையற்காரர். "நிறுத்த முடியாதுங்க. வதந்தியா? நீங்களே லைன்ல இருங்க, சுவத்துல போடறேன், ஜனங்ககிட்ட நேரா சொல்லிடுங்க" என்றார். அந்த மேலதிகாரி தயங்கினார். பிறகு திரையில் தோன்றி, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். காலைத் தேநீர் ஆறுமுன் எல்லாம் அடங்கிவிட்டது. எவரும் மூட்டை கட்டவில்லை. தங்களை அழைக்கலாமா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தாங்கள் ஊரில் இல்லை என்பதே அன்று மாலைதான் எங்களுக்கு நினைவு வந்தது.

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். தங்களுக்குச் சூட்ட எங்களிடம் இதைவிடப் பெரிய மாலை இல்லை.

கூடத்தைக் கட்டிய கரங்களுக்கு ஓய்வு கிட்டட்டும்! கோபுரம் ஏறிய கால்கள் இனித் தரையில் தளராது உலவட்டும்! கணக்கு வாத்தியாரின் வீட்டில் காலைப் பொழுதுகள் கலகலப்பாய்ப் புலரட்டும்! நோயும் நொடியும் அண்டாமல், நல்லுறவும் நகையும் நீங்காமல், நெடுங்காலம் நிறைவோடு வாழ்க! தங்கள் அழைப்பு எப்போது வந்தாலும் முதல் மணியிலேயே எடுப்போம் என்று உறுதி கூறி, விடைதருகிறோம்.

என்றும் தங்கள் அன்புக்குரிய
முகாம் தொடர்பு நிலைய ஊழியர்கள்